மூழ்க வேண்டிய சில்லு

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. கடன் அவ்வளவுதான். அதற்காக இன்று சாயங்காலம் மெஷினையே தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தராசு வீட்டு வாசலிலேயே நின்றாள். கையில் இரண்டாக உடைந்த ஒரு பலகை.

தராசு என்பது பட்டப்பெயர். தீ, திருட்டு என்று நஷ்டம் நடந்த இடத்துக்குப் போய், எப்படி நடந்தது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் பக்கமும் சட்டென்று சாயமாட்டார். சாய்வதற்கென்றே அவருடைய மைத்துனன் இருந்தான். வேன் ஓட்டுகிறவன். வந்தவர்கள் வாயைத் திறந்து மூடுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான்.

"உள்ள வாம்மா. உட்கார்ந்து சொல்லு," என்றார் தராசு.

அவளுடைய கொட்டகையில், வேண்டாமென்று எறிந்த ஷாம்பு டப்பா, பால் கேன், பாட்டில் மூடி என்று பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சில்லுசில்லாக அரைத்து, தொட்டியில் அலசி, உருக்கி, பெஞ்சுப் பலகையாக வார்க்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் அறுபது பலகை கேட்டிருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்த முதல் நாளே படார் படாரென்று விரிசல். காசு கிடையாது என்றுவிட்டார்கள்.

"என் வீட்டுக்காரரோட தங்கச்சிதான் பிரிக்கிறது, அலசுறது எல்லாம். கண்டதையும் கலந்துட்டா. நேத்து வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிட்டேன். அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசல."

"பேசலன்னா தப்பு பண்ணியிருக்கான்னு அர்த்தம். நாத்தனார்தான், அத்தான். முடிஞ்சுது," என்றான் மைத்துனன்.

"உங்க அக்கா பேசாம இருந்தா தப்பு யார் மேலன்னு உனக்குத் தெரியாதா மாப்ளே?"

தராசு உடைந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மங்கிய நிறத்துக்கு நடுவே கண்ணாடி மாதிரி பளபளக்கும் துணுக்குகள். நகத்தால் நெம்பினார். வளையவில்லை, சடக்கென்று ஒடிந்தது.

"பேனாக் கூடு, கெட்டி பிளாஸ்டிக் தம்ளர்... அந்த ரகம். இது மத்ததோட ஒட்டாது, இல்லையா?"

"ஒட்டாதுங்கய்யா. ஆனா இது தண்ணியில மூழ்கிடும். அதுக்குத்தானே தொட்டி? நல்லது மிதக்கும், ஆகாதது அடியில போயிடும். மிதக்கறத மட்டும்தான் அள்ளுவோம்."

"அள்ளினதுக்கு அப்புறம்?"

"நானே காயப்போட்டு நானே மெஷின்ல கொட்டுவேன். வேற கை படாது."

"அப்போ உன் நாத்தனார் கண்டதையும் போட்டிருந்தாலும் தொட்டி பிடிச்சிருக்கணுமே. கை தவறும்னுதானே தொட்டியே வெச்சிருக்கு. இந்தப் பலகைக்கு அலசுன வாரம் புதுசா என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே. தண்ணி லாரி வரல. பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்காரர்தான் குழாய் இழுத்து ரொப்பி விட்டார். கடன் குடுத்ததும் அவர்தான். வட்டி ஒரு நாள் பிந்தினாக்கூட குதிக்கிற மனுஷன், அன்னைக்கு என்னவோ மனசு எளகிப்போச்சு."

தராசு செருப்பை மாட்டிக்கொண்டார்.

தண்ணீர்க் கஷ்டத்தில் கொட்டகைத் தொட்டியில் இன்னும் அதே தண்ணீர்தான் கிடந்தது. தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையில் புதுப் பெயின்ட்டைத் தாண்டித் துரு வழிந்திருந்தது. தரையில் தண்ணீர் சிந்திக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை ஓரம். சுவருக்கு அந்தப் பக்கம், ஐஸ் அச்சுகள் கழுவிக் கவிழ்த்துப் புதுப் பெயின்ட்டோடு அடுக்கப்பட்டிருந்தன.

மைத்துனன் வேனில் போய் நாத்தனாரை அழைத்து வந்தான். அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

"கையில என்னம்மா?"

"வெடிப்புதாங்க. எப்பவும் இருக்கறதுதான். இந்தத் தடவைதான் தீயா எரியுது."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

சொன்னபடியே ஐஸ்காரர் இரண்டு சுமைக்காரர்களோடு வந்தார். "என்னம்மா, கழட்டச் சொல்லிடலாமா? எனக்கும் வருத்தம்தான்."

"கழட்டலாம். ஒரு வாளி குடிக்கிற தண்ணி மட்டும் குடுங்க," என்றார் தராசு.

சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பேனாவின் கூட்டை எடுத்து ஒடித்தார். ஒரு துண்டை வாளியில் போட்டார். மூழ்கியது. அதையே எடுத்துத் தொட்டியில் போட்டார். போன வேகத்தில் மேலே வந்து மிதந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள் நாத்தனார். "இது மூழ்கணுமே!"

"மூழ்கணும். ஆனா இது உப்புத் தண்ணி," என்றார் தராசு. "ஐஸ் போடறவங்க பெரிய தொட்டியில மூட்டை மூட்டையா உப்பைக் கரைப்பாங்க. அச்சுக்குள்ள இருக்கற நல்ல தண்ணி உறையும், சுத்தி இருக்கற உப்புத் தண்ணி உறையாது. உப்பு ஏற ஏறத் தண்ணிக்குக் கனம் கூடும். அடியில போக வேண்டியதையும் தூக்கிப் பிடிக்கும். பட்டையில துரு, தரையில வெள்ளை, இந்தப் பொண்ணு கையில எரிச்சல், எல்லாம் அதுதான். வாயில வெச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். குப்பை அலசுற தண்ணிய யாரு வாயில வைப்பா?"

ஐஸ்காரர் முகத்தைத் துடைத்தார். "எங்க ஐஸ் தொட்டிய சுத்தம் பண்ண வேண்டியிருந்துச்சுங்க. சாக்கடையில விட்டா அபராதம், லாரி வெச்சா செலவு. அவங்களுக்கும் தண்ணி இல்லையேன்னு... சத்தியமா கெடுக்கணும்னு நினைக்கல."

"நானும் அப்படித்தான் நம்பறேன். உப்புன்னு சொல்லிட்டு விட்டீங்களா?"

அவர் சுமைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

"நான் அப்பவே நினைச்சேன் அத்தான், ஐஸ்காரர்தான்னு!" என்றான் மைத்துனன்.

அந்தப் பெண் நாத்தனாரின் முன்னால் போய் நின்றாள். "ரெண்டு அறை விடுடி. மனசு ஆறும்."

"அறைஞ்சா என் கைதான் எரியும் அண்ணி," என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள்.

அண்ணி அழவில்லை. ஐஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

"அறுபது பலகைக்கு வர வேண்டியது உங்க கடனவிட அதிகம். அந்த அதிகத்த நான் கேக்கல. கடன நீங்க கேக்கக்கூடாது. தொட்டியில இருக்கற உங்க தண்ணிய லாரி வெச்சு நீங்களே எடுத்துட்டுப் போகணும். காலையில நாங்க மறுபடி முதல் பலகையில இருந்து ஆரம்பிக்கணும்."

ஐஸ்காரர் தராசைப் பார்த்தார். தராசு கூரையில் ஏதோ ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்காரர் பையிலிருந்து கடன் பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்துத் தரையில் போட்டார்.

"அத இங்க போடாதீங்க," என்றாள் அவள். "பேப்பர் நாங்க எடுக்கறதில்ல."