குஞ்சின் குரல்

ஸ்பீக்கரை அணைத்த பிறகும் குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது.

அவள் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தாள். மழை விட்ட காட்டில், இலைகள் சொட்டும் சத்தத்துக்கும் அழுகிய பழங்களின் புளித்த வாடைக்கும் நடுவே, புதருக்குள் எங்கிருந்தோ அந்தக் கீச்சுக்குரல் விடாமல் வந்தது. நிஜக் குஞ்சாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பேட்டரியைத் திரும்ப மாட்டத் துணியவில்லை.

எப்படித் துணிவாள்? கடல் தாண்டி இந்தக் காட்டுக்குப் பறவை ஆராய்ச்சிக்கு வந்தவள். மரங்களுக்கிடையே மெல்லிய வலை கட்டி, சிக்கும் பறவையை அளந்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட வேண்டும். பசித்த குஞ்சின் குரலை ஸ்பீக்கரில் போட்டால் தாய்ப்பறவை கண்ணை மூடிக்கொண்டு வந்து விழும் என்பது இந்த மகராசியின் கண்டுபிடிப்பு! கூட வேலை செய்யும் சீனியர் தலையிலடித்துக்கொண்டாள்.

"பாவம்டி. குஞ்சு வச்சிருக்கிறதை இப்படியா ஏமாத்துவ?"

"உடனே விட்டுடப் போறேன்க்கா. என்ன குடியா முழுகிப் போச்சு?"

போன வாரம் விட மறந்துவிட்டாள். ஊரில் தங்கை வீட்டில் விட்டு வந்த நாலு வயது மகள் போனில் கூப்பிட, பேச்சு சுவாரசியத்தில் வலையைச் சுருட்டாமலே முகாமுக்குப் போய்விட்டாள். விடிந்து பார்த்தால் தாய் வலையில் விறைத்துத் தொங்கியது. பக்கத்துக் கூட்டில் குஞ்சுகள் மழையில் நனைந்து செத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் புதைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது கீச்சுக்குரல் நீண்டது, தடித்தது, விக்கலாக மாறியது.

"அம்மா..."

மகளின் குரல். தூங்கி எழுந்து அவளைக் காணாமல் அழும் அதே குரல்.

மகள் இங்கே இல்லை, இருக்கவும் முடியாது. தெரியும். தெரிந்து என்ன, பெற்ற வயிறு கேட்குமா?

"பசிக்குதும்மா..."

"இதோ வரேன் கண்ணு!"

ஓடினாள். முள் கிழித்தது. ஒரு பூட்ஸ் சேற்றோடு போயிற்று. வெளிச்சம் மங்கியது. முகத்தில் என்னவோ ஒட்டியது. கழுத்தில். கைகளில். உதறினாள். வலை இறுகியது. கால் தரையை விட்டு எழும்பியது.

"அக்கா! அக்கா!"

காடு பொறுமையாகக் கேட்டது, அவள் தொண்டை கட்டிப் போகும்வரை.

பையிலிருந்து விழுந்த போன் கீழே ஒலித்தது. மகள் தினமும் கூப்பிடும் நேரம். யாரும் தொடாமலே திரையில் சின்ன முகம் வந்தது.

"எங்கம்மா இருக்க? ஒண்ணுமே தெரியல."

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தலைக்கு மேலே கிளையில் ஏதோ சிறகைச் சிலிர்த்துக்கொண்டது. பிறகு அவளுடைய குரலிலேயே, அவளைப் போலவே கொஞ்சிப் பேசியது.

"வாசல்லதான் நிக்கிறேன் கண்ணு. சித்திகிட்ட சொல்லாம கதவைத் திற."

"ஐ! அம்மா வந்தாச்சு!"

போனைப் போட்டுவிட்டுக் குழந்தை ஓடியது. திரையில் தாழ்ப்பாள் விலகுவது தெரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு, நிலைப்படி உயரத்துக்கு, ஈரம் சொட்டும் ஒரு சிறகு விரிந்தது. தூக்கிக்கொள்ளச் சொல்லி மகள் இரண்டு கைகளையும் அதனிடம் நீட்டினாள்.