வெளி மூலையின் பாரம்

நாற்பத்து மூன்று மணி நேரம் அந்தத் தொங்கு கட்டிலில் இருந்தோம். முதல் பதின்மூன்று மணி நேரம் நாங்கள் இரண்டு பேர்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அக்டோபர் தொடக்கம். தரையிலிருந்து அறுநூறு மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஏறுபவர்களுக்காகப் பதித்த மூன்று போல்ட்டுகள். மாலை ஆறு மணிக்கு என்னோடு ஏறிய ஜூனி மேலே வந்து சேர்ந்தபோது, நான் மடித்த கட்டில் இருந்த பையைப் போல்ட்டில் மாட்டி முடித்திருந்தேன். முதல் வேலை அதுதான். மாட்டாமல் பையைத் திறந்து, ஒரு குழாய் கைநழுவிப் போனால், இரவெல்லாம் இடுப்புப் பட்டையில் தொங்க வேண்டியதுதான்.

அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாகச் செருகினோம். கடைசி மூலை வழக்கம்போல் சேரவில்லை. நான் முழங்காலால் அழுத்தினேன்.

"தள்ளுடி பிரிட்டா. மாவா பிசையற?"

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்."

"இந்த வேகத்துக்கு கிறிஸ்துமஸ் இங்கதான். மரம் நீ கொண்டு வந்தியா?"

டக்கென்று சேர்ந்தது. கட்டிலின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்து மட்டம் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நடுவில் படுக்கவைத்தேன். அது உருளவில்லை.

கட்டில் கவிழ்ந்தாலும் ஆள் விழக்கூடாது. அதனால் எங்கள் கயிறுகளைக் கட்டிலில் கட்டுவதில்லை, நேராகப் போல்ட்டுகளில்தான். மறுமுனை இடுப்புப் பட்டையில். கயிற்றில் முதலில் எட்டு வடிவத்தில் ஒரு முடிச்சு போட வேண்டும். பிறகு நுனியைப் பட்டைக்குள் விட்டு, அதே எட்டின் தடத்தில் திரும்ப ஓட்ட வேண்டும். தூக்கத்திலும் அதை அவிழ்ப்பதில்லை.

படுக்கும் முன் ஜூனி என் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு முடிச்சைத் தடவினாள்.

"பார்த்தாச்சு. ராய்ஸ் சொல்லிக் குடுத்தது. கண்ணால பாக்காதே, விரலால பாருன்னுவான்."

நானும் அவள் முடிச்சைத் தடவினேன். ஒவ்வொரு வளைவையும் இரண்டு முறை.

"பார்த்தாச்சு" என்றேன்.

ராய்ஸ் அவளுடைய அண்ணன். போன செப்டம்பரில் இதே மூன்று போல்ட்டுகளில், இதே இடத்தில், என்னோடு இருந்தவன். காலையில் இல்லை.

"கயிறு நேரா தொங்கிச்சாம். ஒரு முடிச்சுகூட இல்லையாம்" என்றாள் ஜூனி, இருட்டைப் பார்த்தபடி. "விசாரணைல அவனாதான் அவுத்துக்கிட்டான்னு எழுதிட்டாங்க. அம்மா தினமும் கேக்கறா, ஏன் அவுத்துக்கிட்டான்னு. நான் என்ன சொல்றது?"

நான் உறக்கப் பையை இழுத்து மூடிக்கொண்டேன்.

விடிவதற்குள் புயல் வந்துவிட்டது. ஏழு மணிக்கு, கட்டிலை மூடியிருந்த மழைத் திரைக்குள் வெளிச்சம் இருந்தது. வெளியே ஒன்றும் இல்லை. பாறை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. பால் போன்ற மூடுபனி. ஈரக் கல்லின் வாடை. ஆலங்கட்டி திரையில் விழுந்துகொண்டே இருந்தது.

பாட்டில் உருண்டது.

என் கால்மாட்டில், வெளி மூலைக்குப் போய் நின்றது. நனைந்த வார் இளகுவது உண்டு. இழுத்துக் கட்டினேன். பாட்டிலை நடுவில் வைத்தேன்.

மறுபடி உருண்டது.

"ஜூனி, நீ பாறைச் சுவர்ப்பக்கம்தானே இருக்க?"

"சுவத்தோட பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கேன். நீதான் ராத்திரி பீன்ஸ் டப்பாவ முழுசா காலி பண்ணின."

சாமான் மூட்டைகளைப் பார்த்தேன். அவை போல்ட்டில் தொங்கின. கட்டிலில் நாங்கள் இருவர் மட்டும். இருவரும் சுவரோரம். பாரம் முழுக்க உள்பக்கம் இருக்க, வெளி மூலை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கணக்கு சரியாக வரவில்லை.

அன்று பகல் முழுக்க ஒன்பது முறை அந்த வாரை இழுத்தேன். ஒன்பது முறையும் அது மெதுவாக இறங்கியது, ஒருவர் நம்மைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக உட்காருவதுபோல. அந்த இரவு நாங்கள் தூங்கவில்லை. புரண்டு படுக்கவும் பயம். துணி அந்த மூலையில் குழிந்தே இருந்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஆலங்கட்டி நின்றது. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. கட்டிலின் சட்டம் முனகுவது கேட்டது.

ஜூனி காப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் ஜாக்கெட்டுக்குள் விரல்கள் நுழைந்தன.

ஈரமான, குளிர்ந்த விரல்கள். முடிச்சின் முதல் வளைவு. இரண்டாவது. அவசரமே இல்லாமல், தடம் மாறாமல். நான் ஜூனியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரல்களும் குவளையில் இருந்தன.

"பார்த்தாச்சா?"

காதோரம் அல்ல. வெளி மூலையிலிருந்து. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் ஒருவனின் குரல்.

ஜூனியின் கையிலிருந்த குவளை சாய்ந்து காப்பி கொட்டியது. அது ஓடையாகி அந்த மூலைக்கு ஓடியது.

"அது ராய்ஸ்" என்றாள். அவள் குரல் மூச்சாகத்தான் வந்தது. "பிரிட்டா, அவன் யார்கிட்ட கேக்கறான்?"

நான் அந்த மூலையின் வாரை எட்டிப் பிடித்து இழுத்தேன். ஜூனி விடவில்லை.

"அன்னைக்கு ராத்திரி அவன் முடிச்ச நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

சட்டம் கிரீச்சிட்டது. மூலை இன்னும் ஒரு விரல் இறங்கியது.

"விரலால பார்த்தியா?"

"பார்த்தேன்னு சொல்றேன்ல?"

மீண்டும் ஒரு விரல். குழாய் அந்த மூலையின் இணைப்பிலிருந்து நகர்வதைப் பார்த்தேன். உள்ளே இருக்க வேண்டிய வெள்ளி நிறப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஜூனி என் பக்கமாகச் சறுக்கினாள். சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை.

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கம்மா ஒரு வருஷமா அவன் ரூம் கதவத் திறக்கல. அவன் சாகணும்னு நினைச்சான்னு நம்பிக்கிட்டு இருக்கா. நிஜத்த சொல்லு. என்ன ஆனாலும் சொல்லு."

மணி ஒன்று. மூடுபனி விலகி, திரையின் இடுக்கில் பள்ளத்தாக்கு தெரிந்தது. பைன் மரங்கள், ஆறு, சாலையில் ஒரு மஞ்சள் வண்டி. அவனும் இதைத்தான் பார்த்திருப்பான், கொஞ்ச நேரம்.

என் முடிச்சின் மேல் விரல்கள் அசையாமல் இருந்தன. காத்திருந்தன.

"ரொம்பக் குளிரா இருந்துச்சு" என்றேன். "கயிறு வார்ல சிக்கிக்கிச்சுன்னு அவுத்தான். மறுபடி எட்டு போட்டான். பட்டைக்குள்ள விட்டான். அப்போ மழைத் திரை பறந்துச்சு. அதப் பிடிக்கப் போயிட்டு நுனிய திரும்ப ஓட்ட மறந்துட்டான். ஜாக்கெட் மூடிக்கிச்சு. பார்த்தாச்சான்னு கேட்டான். நான் கைய உறக்கப் பைய விட்டு வெளிய எடுக்கல. பார்த்தாச்சுன்னுட்டேன்."

"கயிறு நேரா இருந்துச்சுன்னாங்களே?"

"விடிஞ்சப்போ கயித்துல, நுனி திரும்ப ஓட்டாத அந்த ஒத்தை எட்டு அப்படியே இருந்துச்சு, ஜூனி. மீட்கிறவங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் அத அவுத்தேன்."