எதிர் நாற்காலி

நாற்காலி ஈரமாக இருந்தது.

சொங்க்ரான் பண்டிகையன்று தாய்லாந்தின் சியாங் மாயில் காய்ந்த நாற்காலியைத்தான் சந்தேகப்பட வேண்டும். தெருவில் ஊரே ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பிம்சிரி நனையாமல் வந்து கதவைத் தாழிட்டிருந்தாள். அவளைத் தவிர உள்ளே யாரும் இல்லை.

காதின் கேட்கும் திறனை ஆராயும் கூடத்தில், வெளிச் சத்தம் நுழையாத அறை அது. சளி பிடித்த அவள் மூக்கின் மெல்லிய விசில்கூட அங்கே சுவர்வரை போய்வந்தது. விடுமுறை முடிவதற்குள் ஒரு புதிய ஆராய்ச்சிக் கேள்வி வேண்டும். இல்லையென்றால் அவள் இடம் வேறொருவருக்கு. இதுவரை சொன்ன யோசனைகளையெல்லாம் பேராசிரியர் கொட்டாவி விட்டே கொன்றிருந்தார். அதனால்தான் எதிரே காலி நாற்காலியைப் போட்டு அதனிடம் சொல்லிப் பார்த்தாள். நாற்காலிக்குக் கொட்டாவி வராது.

தோழி பிளாய் போனில் கூப்பிட்டாள்.

"வாசல்ல இருக்கற ஆவி வீட்டுல வேண்டிக்கிட்டியாடி?"

"காலைலயே. அந்தக் குட்டிக் கோயில் முன்னாடி சிவப்பு சோடா வச்சு, ஒரு நல்ல யோசனை குடுன்னு ஆவிகிட்ட கேட்டேன்."

"சோடா சும்மா கும்பிடறதுக்கு. யோசனை கிடைச்சா என்ன தருவேன்னு சொன்ன?"

"...சொல்லலையே."

"அடிப்பாவி! சொல்லாம விட்டா, அதுக்குப் பிடிச்சத அதுவே எடுத்துக்குமே! உடனே போயி—"

லைன் அறுந்தது.

எழுந்தாள். அப்போதுதான், யாரோ காதில் வைத்துவிட்டுப் போனதுபோல, அது வந்தது: காலி அறை காலியில்லை என்பதைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அருமையான கேள்வி. கொட்டாவியே வராது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆவி வீட்டை மறந்து உட்கார்ந்தாள்.

அடுத்ததும் வந்தது: தன் மூச்சையும் பிறர் மூச்சையும் காது எப்படிப் பிரிக்கிறது?

சோதித்துப் பார்க்கச் சுலபம். மூச்சை அடக்கினாள்.

அறையில் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

எதிரே. மெதுவாக. உள்ளே, வெளியே. நாற்காலி நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர். இன்னொரு சொட்டு.

கத்த வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும். வாயைத் திறந்தாள். இழுத்தாள். நெஞ்சு எழவில்லை. மறுபடி இழுத்தாள். எதுவும் உள்ளே வரவில்லை.

எதிரே, காலி நாற்காலியில், சளி பிடித்த மூக்கின் மெல்லிய விசில்.