கருங்குழலியின் காணிக்கை

காலையில் எழுந்ததும் கருங்குழலி தலைக்கு மெருகெண்ணெய் தடவிப் பளபளவென்று துடைத்தாள். செவ்வாய்க் கிரகத்தில் எல்லாரும் செய்வதுதான். பெயர்தான் கருங்குழலி; தலையில் பேருக்கு ஒரு மயிர் கிடையாது. காற்றுச் சல்லடைகளில் முடி சிக்கினால் குடியிருப்பே மூச்சுத் திணறும் என்று, பிறந்த மூன்றாம் நாளே எல்லாருக்கும் மயிர்க்கால்களை ஒளிக்கதிரால் அடைத்துவிடுவார்கள்.

அன்று பிடரியில் ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி.

மருத்துவ எந்திரம் ஊடுகதிரில் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, புற்று இல்லை," என்றது. "அடைச்ச மயிர்க்கால் ஒரு கொத்து உள்ளுக்குள்ள முழிச்சுக்கிட்டிருக்கு. வெளியே வர வழியில்லாம முடியெல்லாம் தோலுக்கடியிலேயே சுருண்டு கட்டியாயிடுச்சு. ரொம்ப அபூர்வம். மொத்தம் இருபத்துமூணு முடி. நீட்டினா ஒவ்வொண்ணும் சாண் நீளம்."

கருங்குழலிக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் தும்பை நுரையீரல் காய்ச்சலில் கிடந்தபோது, "பேச்சியம்மா, பிள்ளை பிழைச்சா முடி காணிக்கை தர்றேன்," என்று நேர்ந்துகொண்டாள். பரம்பரைப் பழக்கம், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பிள்ளையும் பிழைத்துவிட்டது. இல்லாத முடிக்கு எங்கே போவாள்? அன்றிலிருந்து தும்பை ஒரு தடவை இருமினாலும், சாமி கடனைக் கேட்கிறதோ என்று இவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

எந்திரம் கட்டியை அறுத்து, முடியைக் குப்பியில் போட்டு முடிப்பதற்குள் வளிக்காப்பு அதிகாரி ஆவுடையப்பன் வந்து நின்றார். முடியைக் கண்டால் எரித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

"சாமிக்கு நேர்ந்தது சார். கோயில்ல ஒரு நிமிஷம் வச்சுட்டு நானே கொண்டாந்து கொடுத்துடறேன்."

"என்னம்மா நீ! வந்தா மலை, போனா மயிருன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. விடுவியா!"

"எனக்கு அந்த மயிருதான் சார் மலை," என்று அழுதேவிட்டாள்.

ஆவுடையப்பன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தன் மழமழ மண்டையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"சட்டம்னா சட்டம்தான். என் கையாலேயே எரிச்சிடறேன்," என்று குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுவாரம் வளிக்காப்பு விழா. சுவர்த்திரையில் ஆவுடையப்பன் முடியின் கேடுகளைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். இடது காதோரத்திலிருந்து உச்சி வரைக்கும் இருபத்துமூன்று முடி, எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்தது. அரங்கில் இருந்தவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அவர் தலையையே பார்த்தார்கள்.

"அம்மா, அந்த மாமா மண்டையில என்ன கோடு?" என்றாள் தும்பை.

கருங்குழலி திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நம்ம காணிக்கைடி. போய்ச் சேர்ந்துடுச்சு. பூமியிலயும் சாமிக்குக் கொடுத்த முடி, கடைசியில ஏதோ ஒரு வழுக்கையிலதானே ஏறுச்சாம்!"