ரிலீவர் வரும் வரை

அன்று யார்டில் இருந்தவர்கள்: எழிலரசி. நான். காருக்குள் அவள் புருஷன் வசந்தகுமார். அதே காருக்குள் இன்னொரு ஆளும் இருந்தான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அன்று வரை இந்த மாதிரிக் கதைக்கு நானும் சிரிக்கிற கட்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், டெஸ்ட் ஓட்டி முடித்த கார்களை நசுக்குவதற்கு முன்னால் கொண்டுவந்து போடும் இடம் அது. கேட்டைத் தள்ளினேன், திறந்துகொண்டது. வாட்ச்மேன் நாற்காலி காலி. வாட்ச்மேனே வசந்தகுமார்தான்.

"முந்தாநேத்துலருந்து வூட்டுக்கு வரலண்ணா," என்றாள் எழிலரசி. "போன் போட்டா எடுக்குறாரு. லேபாட்சி கோயிலு வந்துட்டோம், தூண் தரையில படாம நிக்குது, சூப்பரா கீதுன்றாரு. சாப்ட்டியான்னா, நிறுத்தக் கூடாதுன்றாரு."

"வந்துட்டோமா? கூட யாரு?"

"அதக் கேட்டா கட் பண்ணிடுறாரு. ஊரு சுத்திக் காட்டுய்யான்னு கல்யாணம் ஆன நாள்லருந்து கேக்குறேன், மாமல்லபுரத்தத் தாண்டல. இப்ப தனியா லேபாட்சியாம்."

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். நான், வசந்தகுமார், ரகுபதி மூவரும் டெஸ்ட் டிரைவர்கள். ஒரகடம் பக்கம் வட்டமாக ஒரு டிராக். புதுக் காரை அதில் ராத்திரி பகலாகச் சுற்ற வேண்டும். இன்ஜின் அணையக் கூடாது, ஆள் மட்டும் மாறலாம். மாறுவதற்கும் ஒரு விதி உண்டு. ரிலீவர், அதாவது அடுத்து ஓட்டப்போகிறவன், வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுகிறவன் இறங்கலாம். கார் ஒரு நொடிகூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

சுற்றிச் சுற்றிப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, ரகுபதி ஒரு விளையாட்டு கண்டுபிடித்தான். ஒரகடத்திலிருந்து லடாக் வரை காரில் போவது. சுற்றுகளைக் கூட்டி, இப்போது எந்த ஊர் என்று கணக்குப் போடுவான். ஷிப்ட் மாறும்போது, "ஹம்பி தாண்டிட்டேன், நீ கோல்கும்பஸ்லருந்து புடி" என்று சொல்லிவிட்டு இறங்குவான். எங்கெங்கே நிற்பது என்பதையும் அவனே முடிவுசெய்தான். இறங்கினால் அரை நாளாவது வாயடைத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஸ்டாப் இல்லை, டீக்கடை என்பான். லேபாட்சி, ஹம்பி, கோல்கும்பஸ், எல்லோரா, ஓர்ச்சா, அமிர்தசரஸ், அப்புறம் மலை. ஒருநாள் நிஜமாகவே போவோம் என்றான். நான் நம்பவில்லை. இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவன் எங்கேயும் போவதில்லை. பஸ் ஏறினால் கம்பெனி, இறங்கினால் அறை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ரிலீவர் வந்த பஸ் படப்பையில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. வேறு ஆள் கிடைக்கிற வரை ஓட்டு என்று ரகுபதிக்கு உத்தரவு. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்ததும் பாதி போன பிறகு, கார் தானாக ஓரம் கட்டி நின்றது. கதவைத் திறந்து பார்த்தபோது கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. உயிர் இல்லை.

வர வேண்டிய ரிலீவர் வசந்தகுமார்.

நான் அந்த வேலையையே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வசந்தகுமாரால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. யார்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தக் காரும் யார்டுக்கு வந்தது.

கடைசி வரிசையில் நின்றது. உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஸ்டிக்கர், நம்பர் பிளேட் கிடையாது. நாலு சக்கரத்தையும் கழற்றிக் கல் மேல் ஏற்றியிருந்தார்கள். பானெட் திறந்து கிடந்தது. பேட்டரி இருந்த இடம் காலி.

பக்கத்தில் போனதும் அந்த வாசனை அடித்தது.

நீலகிரித் தைலம்.

தூக்கம் வராமலிருக்க ரகுபதி இமையில் தடவிக்கொள்வான். வசந்தகுமாருக்கு அந்த வாசனையே ஆகாது, தலைவலி வந்துவிடும்.

கண்ணாடி இறங்கியிருந்தது. வசந்தகுமார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. கண் இமைக்கவில்லை.

"டேய் வசந்து. இறங்குடா."

"கோல்கும்பஸ்டா," என்றான் மெதுவாக. "கும்மட்டத்து மேல ஏறி இந்தப் பக்கம் ரகசியமா பேசினா, அந்தப் பக்கம் கேக்கும்."

"அந்தப் பக்கம் கேக்கும்."

இரண்டாவது முறை சொன்னது அவன் இல்லை. குரல் இடது சீட்டிலிருந்து வந்தது.

அந்த சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஆள் உட்கார்ந்ததுபோல அழுந்தியிருந்தது.

எழிலரசி என் சட்டையைப் பிடித்தாள். நான் முன்கதவைத் திறந்து வசந்தகுமாரின் கையை இழுத்தேன். வெல்டிங் வைத்ததுபோல அசையவில்லை.

"ரிலீவர் வரல," என்றான்.

"இன்னாண்ணா சொல்றாரு?"

விதியைச் சொன்னேன். செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள் அவள். இன்னொரு தடவை கேட்கவில்லை.

"எங்க லைன்லயும் அதான். ரிலீவர் இல்லாம பாத்ரூம்கூட போவ முடியாது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏறுறேன். அவரு இறங்கட்டும். அப்பறம் நீங்க ஏறுங்க, நான் இறங்கிக்கிறேன். உங்களுக்குத்தான் பொண்டாட்டி புள்ள யாரும் இல்லையே."

"வேணாம்மா."

"வூட்டுக்குக் கூட்டிகினு போவணும்ணா. வேற வழி சொல்லுங்க."



அவள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரு காலை மட்டும் வெளியே தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"ரிலீவர் வந்துட்டேன். இறங்குய்யா."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வசந்தகுமார் இறங்கினான். எழிலரசி சிரித்தாள். அவள் முகத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

இறங்கியவன் இடது காலை உதறினான்.

கிளட்ச் மிதித்து மரத்துப்போன காலை ரகுபதி அப்படித்தான் உதறுவான். பிறகு இரண்டு விரலால் இமைகளைத் தேய்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா நைனா. ஒரு ரிலீவர் வர்றதுக்கு இம்மாம் நேரமா?"

என்னை நைனா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தன்தான்.

வசந்தகுமாரின் உடம்பு மட்டும்தான் இறங்கியிருந்தது. முதலில் ஏறிய ரகுபதி, அந்த உடம்பில் முதலில் இறங்கிவிட்டான்.

காருக்குள் பார்த்தேன். இடது சீட் எழும்பியிருந்தது. டிரைவர் சீட் காலி. ஆனால் அது இன்னும் அழுந்தியே இருந்தது.

எழிலரசியும் பார்த்துவிட்டாள்.

"ஏங்க?" என்றாள், அந்தக் காலி சீட்டிடம்.

"எழிலு," என்றது வசந்தகுமாரின் குரல் உள்ளேயிருந்து. "அடுத்து எல்லோரா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா. நீங்க ஏறுங்க."

நான் ஏறவில்லை. கால் வரவில்லை என்று சொல்லலாம். வந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு டிரைவர் சீட்டின் தோளில் கை வைத்தாள். பைக்கில் புருஷன் பின்னால் உட்காரும்போது வைக்கிற மாதிரி. தரையில் ஊன்றியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கேட்டுப் பக்கம், தைல வாசனையோடு ஒருவன் காலை உதறிக்கொண்டே நடந்து போனான்.

காரின் பின்கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. பேட்டரி இல்லாத அந்தக் காரில் நாலு கதவிலும் ஒன்றாக லாக் விழுந்தது.