வெட்டுக்கிளிப் பருவத்தில் ஒரு ரூட்டர்

"அந்த வயர் தப்பான இடத்துல சொருகியிருக்கு, மேடம்."

ஸ்கோவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் ரூட்டரும் கையில் கசங்கிப்போன வழிகாட்டித் தாளுமாகத் தரையில் உட்கார்ந்து மூன்றாவது நாளாகப் போராடிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம்... மழையில் நனைந்த ஒரு முகம்!

"யாரு நீங்க? எதுக்கு வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறீங்க?"

"மழைக்கு ஒதுங்கினேன். எதிர் வீட்டுக்கு இன்டர்நெட் குடுக்க வந்தேன், அங்க யாருமில்ல. என்னை இறக்கிவிட்ட பைக் டாக்ஸிக்காரனும் மழையைப் பாத்ததும் ஓடிட்டான்."

"ஒதுங்கினா ஒதுங்கிட்டுப் போங்க. என் வயரைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?"

"சிவப்பு விளக்கு எரியுதே மேடம்... பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. தொழில் புத்தி!"

அவன் சிரித்தான். ஒரு மழைத்துளி அவன் இமையிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. என்ன கண்கள் இவை... சாதுவான கண்கள் என்றும் சொல்ல முடியாது, போக்கிரிக் கண்கள் என்றும் சொல்ல முடியாது! ஸ்கோவியா அவசரமாகப் பார்வையை ரூட்டருக்குத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் கம்பாலாவில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. போன வாரம் கேபிள் கம்பெனிக்காரர்கள் வந்து, சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை அடித்துவிட்டு, "ரூட்டரை நீங்களே மாட்டிக்கலாம், ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்கோவியாவும் வீறாப்பாகக் கடைத்தெருவுக்குப் போய் ரூட்டரை வாங்கி வந்துவிட்டாள். லண்டனில் பிறந்து தாய்மொழி தெரியாமல் வளரும் ஏழு குழந்தைகளுக்கு அவள் வீடியோவில் லுகாண்டா சொல்லித்தர வேண்டும். முதல் வகுப்பு சனிக்கிழமை. இன்றைக்குப் புதன்...

உள்ளேயிருந்து அம்மா யூனியா எட்டிப் பார்த்தாள். "யாரை மழையில நிக்க வச்சுப் பேசிட்டிருக்க? உள்ள வாப்பா தம்பி!"

அம்மாவே கூப்பிட்ட பிறகு ஸ்கோவியா என்ன செய்வாள்? கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். சட்டைப் பையின் மேல் 'கிஸ்ஸா' என்று பெயர் தைத்திருந்தது. ஸ்கோவியா அதை இரண்டு முறை படித்தாள். கிஸ்ஸா... இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவன். எந்தக் குலமானாலும் அந்தப் பிள்ளைக்கு அதே பெயர்தான். எங்களில் மற்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் குலத்தைச் சொல்லிவிடலாம். இந்தப் பெயரில் மட்டும் ஒரு துப்பும் கிடைக்காது.

'இவன் எந்தக் குலமாயிருந்தால் எனக்கென்ன?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும்... தெரிந்துகொள்ள வேண்டும் போல் மனசு குறுகுறுத்தது.

"இங்க பாருங்க மேடம். இந்த நாலு மஞ்சள் ஓட்டையும் வீட்டுக்குள்ள போறதுக்கு. வெளியேயிருந்து வர்ற லைனுக்கு நீலம் ஒண்ணுதான். நீங்க அதை மஞ்சள்ல சொருகிட்டீங்க."

"தாள்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"தாளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க."

"பொய்!" என்றாள். குனிந்து பார்த்தாள். தலைகீழாகத்தான் இருந்தது...

அவன் வயரைப் பிடுங்கி நீலத்தில் சொருகினான். சிவப்பு விளக்கு அணைந்தது, கண் சிமிட்டியது, பச்சையானது. ஸ்கோவியா தன்னை மறந்து கைதட்டிவிட்டு, உடனே கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இப்ப பாஸ்வேர்ட் போடுங்க. எட்டெழுத்துக்குக் குறையாம." சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"எட்டிப் பாக்கலையே?"

"ஜன்னல் வழியா மட்டும்தான் எட்டிப் பாப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டிக்கொண்டே தூண்டில் போட்டாள். "உங்க அப்பா பேரு என்ன?"

"இரட்டைப் பிள்ளைங்களோட அப்பான்னுதான் ஊரே கூப்பிடும்."

"அண்ணன்மாரு?"

"வாஸ்வா, காட்டோ. அதுவும் இரட்டையர் பேருதான்." அவன் திரும்பிப் பார்த்தான். "ஏன் மேடம்... ரூட்டர் இதெல்லாமா கேக்குது?"

ஸ்கோவியாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. நல்லவேளை, அம்மா ஒரு தட்டோடு வந்தாள். பருவத்தில் பிடித்த வெட்டுக்கிளிகள்! காலும் சிறகும் களைந்து, வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்தது. நவம்பரில் இந்த வாசனைக்கு மயங்காதவர் கம்பாலாவில் உண்டா?

உண்டு. வெட்டுக்கிளிக் குலத்தார். எது குலத்தின் பெயரோ அதைத் தின்பது எங்களில் தடை. ஸ்கோவியாவின் அப்பா வழி அந்தக் குலம், அதனால் அவள் தொடமாட்டாள். அம்மா புனுகுப்பூனைக் குலத்தில் பிறந்தவள், அவளுக்குத் தடையில்லை.

"எடுத்துக்கோ தம்பி, சூடா இருக்கு."

"வேண்டாம்மா..."

"என்ன வேண்டாம்? வெக்கப்படாத, எடு!"

"இல்லம்மா..." அவன் ஒரு கணம் திணறினான். "அது... எங்க குலம்."

யூனியாவின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! நீ நம்ம பிள்ளையா! ஸ்கோவியா, உன் அண்ணன்டி! எந்தக் கிளைப்பா நீங்க?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்கோவியாவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். "ஃபோன் வருது..." என்று அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் இறங்கி ஓடினான்.

அண்ணன்... ஒரே குலமென்றால் கூடப் பிறந்த மாதிரி. கல்யாணம் என்ற நினைப்பே கூடாது. ஸ்கோவியாவுக்கு நெஞ்சுக்குள் எதுவோ அறுந்து விழுந்தது. முழுசாக ஒரு மணி நேரம்கூடப் பழகாதவனுக்காகவா இப்படி வலிக்கிறது?

தெருமுனையில் கிஸ்ஸா தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவன் வெட்டுக்கிளிக் குலமே இல்லை! பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் ஒரு கைப்பிடி தின்று, உதடு இரண்டும் வீங்கி, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வெட்டுக்கிளி ஒத்துக்கொள்ளாத ஆம்பளை என்றால் ஊர் சும்மா விடுமா? அன்றிலிருந்து யார் நீட்டினாலும் 'எங்க குலம்' என்று ஒரே பொய். கேட்டவர்கள் மரியாதையாகத் தட்டை நகர்த்திவிடுவார்கள். அவள் குலமும் அதுதான் என்று எந்த விளக்கு எரிந்து அவனுக்குச் சொன்னது? திரும்பிப் போய்ச் சொல்லலாம்... ஆனால் பெற்ற அப்பனின் குலத்தையே மாற்றிச் சொன்னவன் என்று தெரிந்தால், அந்த வீட்டு வாசல்படி மிதிக்க விடுவார்களா?

வெள்ளிக்கிழமை மாலை, எதிர் வீட்டாரிடம் அவள் நம்பரை வாங்கி ஃபோன் செய்தான்.

"நெட் எப்படி ஓடுது... மேடம்?"

"ஓடுது அண்ணா."



"அண்ணான்னு கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"அது... கம்பெனி ரூல்."

இவளுக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது நிமிஷம் லண்டன் குழந்தைகள் ஏழும் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார்கள். ஸ்கோவியா ஓடி வந்து பார்த்தாள். ரூட்டரைக் காணோம்! அம்மா அதைக் கண்ணாடி அலமாரிக்குள் விருந்துத் தட்டுகளுக்குப் பின்னால் வைத்து, தான் பின்னிய வெள்ளைத் துணியால் நெஞ்சுவரை போர்த்தியிருந்தாள்.

"புதுச் சாமான், தூசி படக்கூடாதுன்னு..." என்று இழுத்தாள் யூனியா. அலமாரி சிக்னலை மறைக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. மகள் தடுப்பதற்குள் அவளுடைய ஃபோனை எடுத்தாள். "இரு, என் பிள்ளையைக் கூப்பிடறேன்!"

பிள்ளை கால்மணி நேரத்தில் வந்து நின்றான். பக்கத்துத் தெருவில்தான் வேலையாம். நம்பலாமோ என்னவோ! முதலில் ரூட்டரைத் துணியோடு வெளியே எடுத்து நடையில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தான். அறைக்குள் குழந்தைகளின் சத்தம் திரும்பவும் கேட்டது. ஸ்கோவியா அவன் முகத்தைப் பார்க்காமலே உள்ளே ஓடிப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

வகுப்பு முடிந்து அவள் கதவைத் திறந்தபோது, கிஸ்ஸா நாற்காலி மேல் நின்று நடைச் சுவரில் உயரமாக ரூட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தான். கீழே அம்மா திருகாணிகளை எடுத்துக் கொடுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"சர்ச்சுல ஒரு பையன் வீட்டுல இவளைக் கேட்டிருக்காங்க. டிசம்பர்ல முறையா வர்றோம்ன்றாங்க. மாப்பிள்ளை கொண்டு வர்ற சேவலைப் பொண்ணோட அண்ணன்தானே வாங்கணும்? இவளுக்குக் கூடப்பிறந்த ஆம்பளையே இல்ல. நான் கவலைப்பட்டுட்டே இருந்தேன். கடவுளாப் பாத்து உன்னை அனுப்பினாரு. நீதான்டா வாங்கணும்."

கிஸ்ஸாவின் கை நின்றுவிட்டது. மெல்ல நாற்காலியிலிருந்து இறங்கினான். ஸ்கோவியா கதவிடுக்கில் அசையாமல் நின்றாள்.

"அம்மா... நான் அந்தச் சேவலை வாங்க வரமாட்டேன்."

"ஏன்டா?"

"கொண்டு வர்றவனா வரணும்."

திருகாணிகள் தரையெங்கும் சிதறின.

"அடப்பாவி! அண்ணனா இருந்துக்கிட்டு என்ன பேச்சுடா இது!"

"நான் வெட்டுக்கிளிக் குலமே இல்லம்மா. பொய் சொன்னேன். அதைத் தின்னா எனக்கு உதடு வீங்கிடும். சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு... எல்லா இடத்துலயும் சொல்ற பொய்யை இங்கயும் சொல்லிட்டேன்."

"உதடு வீங்கும்னு அப்பன் குலத்தையா மாத்துவ? வெக்கமா இல்ல?"

"இருக்கும்மா. மூணு நாளா ரொம்ப இருக்கு."

"உன் குலம்தான் என்னடா?"

ஸ்கோவியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் குலத்திலும் பெண் கொடுக்கும் வழக்கமில்லை. புனுகுப்பூனை என்று மட்டும் சொல்லிவிடாதே... சொல்லிவிடாதே...

"காளான் குலம். எங்க கிளை, பெரிய வீடு, தாத்தா, முப்பாட்டன் எல்லாரையும் வரிசையாச் சொல்றேன்..." அவன் சொல்லவும் சொன்னான். நாலு தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்பித்தான். யூனியா விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள். திட்டுவதற்கு இன்னும் ஓர் அடி முன்னால் வந்தவள், திடீரென்று நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை!

மருமகனாக வருகிறவன் முன்னால் மாமியார் அப்படி நெருங்கி நிற்பது எங்களில் பெருங்குற்றம். யூனியா பதறிப் பின்வாங்கினாள். தோள் துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, விழுந்தடித்துச் சமையலறைக்குள் ஓடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதையெல்லாம் என்கிட்டயா பேசறது? போய் அவ அத்தைகிட்டப் பேசு!"

எங்களில் கல்யாணப் பேச்சு பெண்ணின் அத்தை வழியாகத்தான். கிஸ்ஸாவுக்குப் புரிந்துவிட்டது; முகம் மலர்ந்து திரும்பினான். ஸ்கோவியா நின்றிருந்தாள். கண்களில் நீர்!

"என்னை என்ன பாடு படுத்திட்டீங்க தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. "அண்ணன்னு தெரிஞ்ச பிறகும் உங்க நினைப்பு போகல. எவ்வளவு பெரிய பாவி நான்னு மூணு நாளாத் தூங்கல... உங்களுக்கு ஒரு உதடு வீங்கினா என்ன?"

அவன் சிரிக்கவில்லை. "தப்பு என்மேலதான். உங்களுக்கு இப்படி வலிக்கும்னு நான்... நெனச்சுப் பாக்கல ஸ்கோவியா." முதல் தடவையாக மேடம் காணாமல் போயிருந்தது. "எனக்கும் தூக்கமில்ல. அன்னிக்கு நீங்க கைதட்டிட்டுக் கையைப் பின்னால ஒளிச்சீங்களே... அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவள் குனிந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவனும் குனிந்தான். கடைசித் திருகாணியை இருவரும் ஒன்றாகத் தொட்டார்கள். ஒருவரும் கையை எடுக்கவில்லை...

"காளான் குலம்னா... நீங்க காளான் தொட மாட்டீங்க, இல்ல?"

"மாட்டேன்."

"நான் வெட்டுக்கிளி தொட மாட்டேன்." அவள் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி யோசித்தாள். "அப்ப நம்ம வீட்டுல ரெண்டுமே சமைக்க முடியாது."

கிஸ்ஸா மெதுவாக நிமிர்ந்தான். "நம்ம வீட்டுலயா?"

ஸ்கோவியா அவன் கண்களை நேராகப் பார்த்தாள். நாணம் வந்தது, ஆனால் இந்தத் தடவை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆமா," என்றாள். "நம்ம வீட்டுலதான்."