மாடியில் வைஃபை செத்த நேரம்

"அப்பா...!"

அந்த அலறலில் கார் ஷெட் கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமாய்க் கிளம்பின.

மணி நாலு பத்து.

மரக்கடைக்காரர் தன் ஆபீஸ் அறையில், மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல். கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றிய சுத்தியல்.

வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள் மகள். ஆஸ்பத்திரி லேபிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான் அவள் கணவன். அந்த வீட்டு மாப்பிள்ளை.

கார் ஷெட் பக்கமிருந்து, தலை முழுக்கத் தூசியோடு ஒருத்தி ஓடி வந்தாள்.

கேபிளக்கா! அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு நெட் வயர் இழுத்தவள். வயசு நாற்பத்தைந்து. தேய்ந்த முழங்கால்... தேயாத வாய்!

அவள் பார்வை சுத்தியலில் போய் நின்றது.

"அய்யய்யோ... இது என்னோடதாச்சே!"

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஐந்து மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் ஹாலில் உட்கார்ந்து, அவள் பெயரில் ஒரு வாக்குமூலமே எழுதி முடித்திருந்தார்!

"சுத்தியல் உன்னோடது?"

"என்னோடதுதான். நடையில அந்தப் பெட்டிக்கிட்டயே வெச்சுட்டுப் போனேன்."

"காலையில பெரியவரோட சண்டை போட்டியாமே? தெருவே கேட்டிருக்கு."

"போட்டேன். தேக்குப் பலகையில ஓட்டை போட்டுட்டேன்னு கத்தினாரு. ஓட்டை போடாம வயர் என்ன, ஆவியாவா உள்ள போகும்னு நானும் கத்தினேன். அப்புறம் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து குடுத்தாரு. தெருவுக்கு அது மட்டும் கேக்கலையாக்கும்?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. ரெண்டு இருபத்தெட்டுலேர்ந்து ரெண்டு நாப்பத்தொண்ணு வரைக்கும் இந்த வீட்டுக் கேமரா நாலும் குருடு. அப்ப நீ எங்கே இருந்தே?"

"கார் ஷெட் சீலிங்குக்குள்ள. படுத்துக்கிட்டு வயர் இழுத்துக்கிட்டிருந்தேன்."

"யாரு பார்த்தா?"

"ஒரு பல்லி பார்த்துச்சு. கூட்டிட்டு வரவா?"

ஓரமாய் நின்ற ஏட்டு, வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேமராவுக்குக் கரண்ட்டு நடையில இருக்கற ஸ்விட்ச் பெட்டியிலேர்ந்துதான் போகுதாம். அந்தப் பெட்டியைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் நீ!"

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான்.

"நான் மாடியிலதான் சார் இருந்தேன். மீட்டிங். ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும். பன்னெண்டு பேர் சாட்சி. நம்ம வீட்டு வைஃபையில ஒரு செகண்ட்கூட கட் ஆகல."

"விசாரிச்சுட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "முகம் காட்டலையாம். குரல் மட்டும். ஆனா நடுநடுவே பேசியிருக்கார். கடைசிவரைக்கும் லைன்ல இருந்திருக்கார்."

காகிதத்தைக் கேபிளக்கா பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

"ஸ்டேஷனுக்கு வந்தா தானா போடுவே."

"ஸ்டேஷனுக்கு வந்தாலும் என் கை என்கூடத்தான் சார் வரும். அது போடாது!"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். ஏட்டு அவள் தோள்பட்டையைத் தொட்டார். "நடம்மா... ஜீப்பு நிக்குது."

நடந்தாள்.

நடையில் ஓர் அலமாரி. உள்ளே அந்த ஸ்விட்ச். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. இருபத்து நாலு வாய் உள்ள இரும்புப் பெட்டி. வீட்டின் நெட் வயர் அத்தனையும் அதில்தான் வந்து சொருகும். எந்த வாயைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்தால் கேட்டு நடக்கும்.

கேபிளக்கா சட்டென்று நின்றாள்!

ஏழாவது வாய்க்கு மேல்... ஆரஞ்சு விளக்கு!

"நகரும்மா."

"நகர மாட்டேன்! இன்ஸ்பெக்டர் சார்! இங்க வாங்க!"

"என்ன டிராமா?"

"யாரோ இதோட கரண்ட் பிளக்கைப் புடுங்கி, மறுபடி மாட்டியிருக்காங்க."

"கேமரா நின்னுச்சுன்னு நான்தானேம்மா சொன்னேன்?"

"நின்னுச்சுன்னு சொன்னீங்க. எப்படி நின்னுச்சுன்னு சொன்னீங்களா?"

இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நிமிஷம். புரியற மாதிரி சொல்லு."

"இந்த வீட்டுல வைஃபைக்கு ரெண்டு பெட்டி. ஒண்ணு கீழ ஆபீஸ் ரூம்ல, ஒண்ணு மாடியில. ரெண்டும் வயர் வழியாவும் பேசிக்கும், காத்து வழியாவும் பேசிக்கும். ஒரே சேதி ரெண்டு வழியிலயும் சுத்திச் சுத்தி வரும். அதைப் பார்த்ததும் இந்த ஸ்விட்ச் மிரண்டுபோய் மாடி வழியை அடைச்சுடும். அதான் ஏழாவது வாய். மேல பெட்டிக்கும் கரண்ட்டு இதுலேர்ந்துதான்; அதனால விளக்கு என்னமோ எரியும்... வயர் இருக்குன்னு நம்பி அது காத்து வழியைத் தேடாது, நெட் ஒரு சொட்டு வராது. ரெண்டு மாசமா இதே ரோதனை. அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. காலையில அஞ்சு மணி நேரம் இங்கயே மண்டி போட்டு, மிரளாதடான்னு இதுக்குப் புரிய வெச்சேன். ஆரஞ்சு பச்சையாச்சு."

"இப்ப ஆரஞ்சாத்தானே இருக்கு?" என்றார் ஏட்டு.

"அதான் ஏட்டையா விஷயம்! நான் மாத்தினதை இன்னும் சேமிக்கல. ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துட்டுத்தான் சேமிப்பேன். அது என் பழக்கம். சேமிக்கறதுக்கு முன்னாடி கரண்ட் போச்சுன்னா, நான் செஞ்சதெல்லாம் போச்சு. பெட்டி பழைய புத்திக்கே திரும்பிடும்."

"வீட்டுல கரண்ட் கட் ஆகியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கீழ பாருங்க, பேட்டரி இருக்கு. ஊரே இருட்டானாலும் இது எரியும். கையால புடுங்கினாத்தான் அணையும்."

"அந்தக் கை உன் கை!"

கேபிளக்கா இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். காய்ப்புக் காய்ப்பாய் இருந்தன.

"இந்தக் கையா? சார், சேமிக்கறதுக்கு ஒரே ஒரு தட்டு. அதைத் தட்டாம, அஞ்சு மணி நேரம் முட்டி தேய நான் செஞ்ச வேலையை நானே புடுங்கிப் போடுவேனா? எனக்குக் கேமராவை அணைக்கணும்னா லேப்டாப்புல அந்த நாலு வாயை மட்டும் மூடியிருப்பேன். ஈ காக்காய்க்குத் தெரியாது. பிளக்கைப் புடுங்கறதெல்லாம் இந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் செய்யற வேலை!"

இன்ஸ்பெக்டர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

கேபிளக்கா திரும்பினாள்.

"மாப்பிள்ளை சார்... ரெண்டு இருபத்தெட்டுலேர்ந்து மாடியில நெட் செத்துப்போச்சு. உங்க மீட்டிங் மட்டும் எப்படி உசுரோட இருந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏட்டு! மேல போய் உங்க போன்ல பாருங்க!"

ஏட்டு பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு ஏறினார். மூச்சிரைக்க இறங்கினார்.

"சுத்துதுங்கய்யா... சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணும் வரல."

மாப்பிள்ளை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "அது... போன் தானா மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கும். நான் கவனிக்கல."

"மாடியிலயா?"

கேட்டது மகள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

"இந்த வீட்டுல எங்கயுமே டவர் எடுக்காதேங்க... நீங்க வேலை பார்க்கக் கஷ்டப்படறீங்கன்னுதானே அப்பா இந்த வைஃபையையே போட்டாரு?"

மாப்பிள்ளை அவள் பக்கம் விருட்டென்று திரும்பினான்.

"ஏய்... நீ சும்மா இரு!"

"அவங்க ஏன் சும்மா இருக்கணும்?" கேபிளக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். "அந்த நேரம் நெட் இருந்தது ஆபீஸ் ரூம்ல மட்டும்தான். அந்தப் பெட்டி நேரா வெளி லைன்ல இருக்கு. ஸ்விட்ச் செத்தாலும் அது சாகாது. ஆனா ரூமைத் தாண்டி நாலடி வந்தா போனுக்கு எட்டாது... பிளக்கைத் திருப்பி மாட்டினா மாடியில நெட் வந்துடும்னு நம்பியிருக்கீங்க. வரல. மீட்டிங் கட்டாச்சுன்னா மாட்டிக்குவீங்க. அதனால..."

"அதனால?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"அதனால நாலு மணி வரைக்கும் மாமனார் பொணத்துக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, 'ஓகே சார்... ஓகே சார்'னு சொல்லிக்கிட்டிருந்திருக்காரு!"

"கட்டுக்கதை!" மாப்பிள்ளை கத்தினான். "வயர் இழுக்கறவ வாயில வந்ததெல்லாம் சாட்சியா? ஆதாரம் எங்கே?"

"இருக்கு."

கேபிளக்கா தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"மேனேஜ்டு ஸ்விட்ச் சார் இது. சும்மா டப்பா இல்ல. டைரி எழுதும். உங்க போன் எத்தனை மணிக்கு மாடி வழியை விட்டுச்சு, எத்தனை மணிக்குக் கீழ் வழிக்கு வந்துச்சு... பிளக்கைப் புடுங்கறதுக்கு முன்னாடி நடந்தது அத்தனையும் நிமிஷக் கணக்கா எழுதி வெச்சிருக்கும். இதோ, மாட்டறேன். இன்ஸ்பெக்டர் சார், நீங்களே வாய்விட்டுப் படிங்க."

வயரின் நுனி பெட்டியைத் தொடப் போனது...

மாப்பிள்ளை பாய்ந்தான்!

ஏட்டைத் தள்ளிவிட்டு, அலமாரிக்கு அடியில் கையை நுழைத்து... அங்கே பின்னிக் கிடந்த எட்டுக் கறுப்பு பிளக்குகளில் ஒன்றைப் பிடித்து...

புடுங்கினான்!

இருபத்து நாலு விளக்குகளும் ஒன்றாய்ச் செத்தன. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த சின்ன விசிறி முனகி நின்றது.

"இப்பப் படி! எங்கே... படி பார்ப்போம்!"

பிளக்கை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

கேபிளக்கா லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"படிக்க ஒண்ணுமே இல்லையே."

"எ... என்ன?"

"கரண்ட் போனா டைரியும் அழிஞ்சுடும். மத்தியானம் நீங்க புடுங்கினப்பவே அது எல்லாத்தையும் மறந்துபோச்சு. அதுக்கு முன்னாடி நடந்தது ஒரு வரிகூட உள்ள கிடையாது."

சிரிப்பு அவன் வாயிலேயே காய்ந்தது.

"பொய் சொன்னியா...?"

"எழுதும்னு சொன்னது நிஜம். இருக்குன்னு சொன்னதுதான் பொய். இப்ப ஒண்ணு கேக்கறேன். கீழ எட்டு பிளக் இருக்கு. எட்டும் கறுப்பு. எட்டும் ஒரே மாதிரி. நானே டார்ச் அடிச்சு, ஒவ்வொரு வயராத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். உங்க கை மட்டும் எப்படி சார் நேரா அங்க போச்சு?"

பிளக் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். "சொல்லு. ஏன்?"

"கோடவுன் பத்திரத்துல... அவர் கையெழுத்தை நானே போட்டேன். கண்டுபிடிச்சுட்டாரு. சாயங்காலம் இவ வந்ததும் சொல்லிடுவேன்னு..."

மகள் எழுந்து நின்றாள்.

"மூணு மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டீங்க. 'அவசரப்படாம வேலையை முடிச்சுட்டு வா, மாமா தூங்கறாரு'ன்னு..."

அவன் தலை நிமிரவில்லை.

"இனி என் முகத்துல முழிக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளைக் கோட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா கிடந்த அறைப் பக்கம் நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து அந்த வாக்குமூலத்தை எடுத்து நாலாய்க் கிழித்தார். கேபிளக்காவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"தப்பா நினைச்சுட்டேம்மா."

"சுவர்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் இந்தப் பக்கம் நிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். இந்த முறை நேராகவே பார்த்தார். "தப்புதாம்மா. மன்னிச்சுக்கோ."

ஏட்டு விலங்கைப் பூட்டினார். சாவியை மேல் பாக்கெட்டில் போடப் போனார்.

"ஏட்டையா!" கேபிளக்கா குரல் கொடுத்தாள். "சாவியை அங்க வைக்காதீங்க. கைக்கு எட்டினா இந்தாளு உங்க பாக்கெட்டையே புடுங்கிடுவாரு!"